காட்டு ஏரியின் கரையைத் துப்புரவு செய்யும் முன்

அன்புடையீர், வணக்கம்.

மரங்கள் சூழ்ந்த சிறிய ஏரிகளைச் சீரமைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரங்களை இழுத்து அப்புறப்படுத்துவதும், கரையோரப் புதரை வெட்டிக் கல் பதிப்பதுமே முதல் வேலையாகச் சொல்லப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏரியின் உணவையும் அதில் வாழும் உயிர்களின் உறைவிடத்தையும் ஒருசேரப் பறிக்கும் வேலை அது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லிட்டில் ராக் என்னும் சிறிய காட்டு ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் ஒரு பாதியில் கரையோர நீரில் கிடந்த மரங்களில் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, மறு பாதியைத் தொடாமல் விட்டார்கள். மரங்களை இழந்த பாதியில், பெர்ச் என்னும் சிறு மீன்கள் ஒளிந்துகொள்ள இடமின்றிப் பெரிய மீன்களுக்கு இரையாகி மிகவும் அருகிப் போயின. அவற்றைத் தின்று வாழ்ந்த பாஸ் மீன்களும் அதன்பின் இரை போதாமல் வளர்ச்சி குன்றின.

உதிரும் இலைகளும் குப்பையல்ல. மரநிழல் மிகுந்த சிற்றேரியில் வெயில் குறைவாகவே விழுவதால், அங்குள்ள உயிர்களின் உணவில் கணிசமான பங்கு காட்டிலிருந்தே வருகிறது. நீரில் விழுந்த இலையின்மேல் முதலில் பூஞ்சை படர்ந்து அதை மென்மையாக்கும். அப்படிப் பதப்பட்ட இலையைத்தான் நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் விரும்பித் தின்னும். அந்தப் புழுக்களைத் தட்டான்களின் நீர்வாழ் இளம்பருவங்களும் மீன்களும் தின்னும். இவ்வாறு உணவு படிப்படியாகக் கைமாறும்போது ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி கழிந்துபோகிறது என்பதை அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் மின்னசோட்டாவிலுள்ள சீடர் பாக் என்னும் சிற்றேரியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தே எடுத்துரைத்தார். அவருடைய கட்டுரை 1942இல் அச்சேறும் முன்பே, தம் 26ஆம் வயதில், அவர் மறைந்துவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இலைச்சாறு இறங்கி நீர் தேயிலை நிறம் கொள்வதையும் அழுக்கு என்று எண்ண வேண்டியதில்லை.

ஆயினும் இலைகள் மட்குவதற்கு ஆக்சிஜன் செலவாகிறது. நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் மிக அடர்த்தியாக இருப்பதால், வெயிலில் சூடேறிய மேல்நீர் இலேசாகி மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. சுற்றிலும் மரங்கள் காற்றைத் தடுக்கும் சிற்றேரியில் இந்த அடுக்குகள் எளிதில் கலப்பதில்லை. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கலக்கிறது. அப்படியானால் மரத்தை வெட்டிக் காற்றுக்கு வழிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். வெட்டினால், வேர்கள் பிடித்து வைத்திருந்த மண் மழையில் கரைந்து, மேலும் பாஸ்பரஸை ஏரிக்குள் கொண்டுவந்து சேர்க்கும். பாஸ்பரஸ் என்ன செய்யும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரி 1973இல் கண்கூடாகக் காட்டியது: திரையிட்டுப் பிரித்த இரு பாதிகளிலும் கார்பனையும் நைட்ரஜனையும் இட்டார்கள், ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள், அந்தப் பாதி மட்டும் பாசி பூத்துப் பச்சையாயிற்று.

ஆகவே சீரமைப்பு என்பது கரையில் அல்லாமல், ஏரிக்கு நீர் வந்துசேரும் நிலப்பரப்பில் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உரம் கரைந்து வரும் வயல்நீரும் கழிவுநீரும் எங்கே நுழைகின்றன என்பதை முதலில் தேடிப் பார்த்து, அவற்றை அடைக்க வேண்டும். நீரில் இறங்க ஒரு பாதை தேவையானால் அந்த அகலத்துக்கு மட்டும் புதரை விலக்கிவிட்டு, மற்றக் கரையை மரத்தோடும் நாணலோடும் விட்டுவிடலாம். தூர்வாருவது தவிர்க்க முடியாததானால், முழு ஏரியையும் ஒரே கோடையில் வாராமல், பகுதி பகுதியாகச் சில ஆண்டுகளில் முடிப்பது நல்லது. வாராத பகுதியிலிருந்து உயிர்கள் மீண்டும் பரவ முடியும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நீரின் தெளிவை அறிய, இத்தாலிய வானியலாளர் ஏஞ்சலோ செக்கி 1865இல் செய்ததைப் போல ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது எத்தனை ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று ஓராண்டேனும் மாதந்தோறும் குறித்து வைக்க வேண்டும். ஏரிகளில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பாசியும் இலைச்சாறும் இரண்டுமே தட்டை மறைக்கும் என்பதால், ஆழத்தோடு நீரின் நிறத்தையும் மறவாமல் எழுதிவைக்கும்படி வேண்டுகிறேன்.