புது பிக்கப்: காலையில் ஆர்பிஎம் ஏறி நிற்கிறது, இறக்கத்தில் இன்ஜின் பிடிக்கவில்லை

கேரட்லோடு:
அண்ணன்மார்களே, புது பிக்கப் எடுத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் ஊசி மேலேயே நிற்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பழைய வண்டியில் இன்ஜினே சட்டென்று பிடித்து வேகத்தைக் குறைக்கும். இது பிடிக்கவே இல்லை, தள்ளிக்கொண்டே போகிறது. ஷோரூமில் எல்லாம் நார்மல் என்கிறார்கள். நாளை லோடு இருக்கிறது, யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

ஈரோடு_டீசல்:
பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா? எந்த ஊர்? ஊசி எத்தனையில் நிற்கிறது? சூடான பிறகு எவ்வளவுக்கு இறங்குகிறது? இறக்கத்தில் எந்த கியர்?

பம்ப்_நாசில்:
கூலன்ட் சென்சார் போயிருக்கும். இன்ஜின் சூடான பிறகும் குளிர்ந்திருப்பதாகவே அது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மாற்றிவிடுங்கள், இரண்டு பிரச்சினையும் தீரும்.

வளைவு36:
சென்சாருக்கு முன்னால் மிதியடியைப் பாருங்கள். புது வண்டியில் தடிமனான ரப்பர் மேட் போட்டுத் தருகிறார்கள். அது நகர்ந்து பெடலை அழுத்தினாலும் இப்படித்தான் ஆகும்.

கியர்_வாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாகிவிட்டது. வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. டாஷ்போர்டுக்குள் கவர் பிரிக்காமல் கிடக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி, பிறகு பேசலாம்.

கேரட்லோடு:
டீசல், பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி. ஊர் ஊட்டி. விடியுமுன் கிளம்பி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் 1100, சூடானால் 800. இறக்கத்தில் 3வது கியர்தான், பழைய வண்டியிலும் அதே கியர்தான். மேட் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

ஈரோடு_டீசல்:
சரி, இப்போது பேசலாம். சூடானதும் 800க்கு வருகிறது என்றால் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது. பம்ப்_நாசில் சொன்னதுபோல் அது போயிருந்தால் மதியமும் 1100லேயே நின்றிருக்கும்.

ஊட்டிக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். சுவர் குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. ஸ்டார்ட்டரும் ஹீட்டர் பிளக்கும் இழுத்த கரன்ட்டை ஆல்டர்னேட்டர் திரும்பக் கொடுக்க வேண்டும். அதோடு பிஎஸ்6 வண்டியில் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்ட் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் இசியு ஐடிலிங்கை, அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தை, ஏற்றி வைக்கிறது.

அப்புறம் இன்ஜின் பிடிப்பு. நீங்கள் இரண்டு புகாராகச் சொன்னாலும் விடியற்காலையில் இரண்டும் ஒன்றுதான். கியரில் இறங்கும்போது காலை எடுத்தால் இசியு டீசலை நிறுத்திவிடும். ஆனால் ஊசி ஐடிலிங் அளவை நெருங்கினால், இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி டீசல் கொடுக்கத் தொடங்கும். குளிரில் அந்த அளவே 1100. 3வது கியரில் மெதுவாக வளைவு திரும்பினால் ஊசி 1300 பக்கம்தான் இருக்கும். அங்கே இன்ஜின் பிடிப்பதற்கு இடமே இல்லை. இன்னும் கொஞ்சம் குறைந்தால் அதுவே வண்டியைத் தள்ளும். உங்களுக்குத் தள்ளுவது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

2வது கியரில் இறங்குங்கள். அதே வேகத்தில் ஊசி 2000ஐத் தாண்டும், அப்போது பிடிப்பது காலுக்கே தெரியும்.

கேரட்லோடு:
பழைய வண்டி 3லேயே பிடித்ததே அண்ணே?

ஈரோடு_டீசல்:
பழைய வண்டி இசியு இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்பா? அந்தக் காலத்து இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்கும் விகிதம், 21, 22க்கு 1 என்று இருந்தது. இசியு டீசல் கொடுக்கும் இப்போதைய காமன் ரெயில் இன்ஜின்களில் 16, 17தான். கியர் விகிதமும் மைலேஜுக்காக நீளமாக, அதே வேகத்தில் ஊசி கீழே நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். இன்ஜின் காற்றை இழுக்க முடியாமல் திணறும், அந்தத் திணறல்தான் பிடிப்பு. டீசலில் காற்றை அப்படி அடைப்பதில்லை. அமுக்கிய காற்று திரும்ப விரிந்து பிஸ்டனையே தள்ளிவிடுகிறது. உராய்விலும் சூட்டிலும் போகிற அளவுதான் நமக்குக் கிடைக்கும் பிடிப்பு, கம்ப்ரஷன் குறைந்தால் அதுவும் குறையும். பெரிய லாரிகளில் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது இதனால்தான்.

பழைய_ஸ்டீயரிங்:
இவ்வளவு கணக்கு எதற்கு? குன்னூரிலிருந்து பர்லியார் வரைக்கும் மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு வந்தவன் நான். டீசலும் மிச்சம், இன்ஜினுக்கும் ஓய்வு.

வளைவு36:
ஐயா, டீசல் மிச்சம் என்பதே தவறு. நியூட்ரலில் இன்ஜின் ஐடிலிங்குக்கு டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். கியரில் இறங்கினால் ஊசி மேலே இருக்கும்வரை ஒரு சொட்டுகூடப் போகாது.

பழைய_ஸ்டீயரிங்:
இன்ஜினை ஆஃப் செய்துவிட்டால்?

ஈரோடு_டீசல்:
தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்கம் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ஆஃப் செய்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். லோடோடு 3 டன் எடை அவ்வளவு உயரம் இறங்கினால் சுமார் 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி எங்காவது சூடாகப் போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கும். மீதியை இன்ஜின் வாங்காவிட்டால் டிரம்மும் டிஸ்க்கும்தான் வாங்க வேண்டும். அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும், கீழே ஒன்றும் இருக்காது. மலைப்பாதையில் ‘2வது கியரில் செல்லவும்’ என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

பழைய_ஸ்டீயரிங்:
எத்தனை வருஷமாக ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை.

கியர்_வாத்தியார்:
ஒன்றும் ஆகாதவர்கள்தான் வந்து எழுத முடியும். இதைத்தான் நானும் முதலிலேயே புத்தகம் என்றேன். ஆயிலும் நல்லதாகப் போட வேண்டும், சிந்தெடிக் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

பம்ப்_நாசில்:
ஆயிலுக்கும் இறக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? பிஎஸ்6க்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடு போதும். சிந்தெடிக் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் ஆகிவிடாது.

கியர்_வாத்தியார்:
உங்களுக்குப் புரியும்படி தனியாக ஒரு இழை போடுகிறேன்.

வளைவு36:
கேரட்லோடு தம்பி, காலையில் எத்தனை நேரம் நிற்க வைத்துச் சூடு பண்ணுகிறீர்கள்?

கேரட்லோடு:
ஊசி 1100லிருந்து கொஞ்சம் இறங்கத் தொடங்கும்வரை. அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். சில நாள் மதியம் சூடான பிறகும் 1000க்கு ஏறுகிறது, சைலன்சர் பக்கம் கருகல் வாசனை. இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஈரோடு_டீசல்:
அது டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்வது. பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. நடுவில் ஆஃப் செய்யாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள், முடிந்துவிடும். டேஷில் டிபிஎஃப் விளக்கு எரிந்து, ஓட்டியும் அணையாவிட்டால் மட்டும் பட்டறைக்குப் போங்கள். நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிட்டால் கரி சேர்ந்து இது அடிக்கடி வரும், டீசல் ஆயிலில் கலக்கவும் செய்யும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் போதும். அப்புறம் கிளம்பி, சூடாகும்வரை 2000க்கு மேல் மிதிக்காமல் ஓட்டுங்கள். ஆனால் வீட்டு வாசலிலேயே இறக்கம் தொடங்கினால் 2வது கியர் போட்டே புறப்படுங்கள்.

கேரட்லோடு:
மேட்டுப்பாளையம் வந்துவிட்டேன். 2ல் இறக்கினேன், நன்றாகப் பிடிக்கிறது. சத்தம் மட்டும் அதிகம். நன்றி அண்ணே.

ஈரோடு_டீசல்:
சத்தம் இருக்கும், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் போதும். அதைத் தாண்டப் பார்த்தால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள்.

மசினகுடி_ஜீப்:
என்னுடையது சிஎன்ஜி பிக்கப். இறக்கத்தில் காலை எடுத்தால் இழுத்து இழுத்து விடுகிறது. என்னவாக இருக்கும்?

வளைவு36:
எந்த கியர்? சூடான பிறகா, குளிரிலா? பெட்ரோலுக்கு மாற்றினாலும் வருகிறதா?