மறுமொழி: ‘தியரி ஆஃப் மைண்ட்’ – மனக் கோட்பாடா, குறிப்பறிதலா, வேறா?

அனைவருக்கும் வணக்கம்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்கள் பிறரோடு பழகுவதில் படும் சிரமங்களை மூளைப் படங்கள் வழியாக ஆராயும் துறைக்குச் சொல் திரட்டும் இந்த இழையை முழுவதும் படித்தேன். பல சொற்களில் சிக்கலே இல்லை. மூளையின் மேலுறைக்குப் புறணி, அதன் பெரும் பகுதிகளுக்கு மடல் எல்லாம் ஏற்கெனவே நிலைத்துவிட்டன. அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவை அப்படியே எழுதலாம். பிறரைப் புரிந்துகொண்டு பழக உதவும் திறன்கள் எல்லாம் அடங்கும் ‘சோஷியல் காக்னிஷன்’ என்ற பெரிய குடைக்குச் சமூக அறிதிறன் போதும். இழுபறி எல்லாம் ‘தியரி ஆஃப் மைண்ட்’ என்ற ஒரே சொல்லில்தான். அதற்கு இழையில் வந்த இரண்டு யோசனைகளை எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறேன்.

> மனக் கோட்பாடு என்றே வைப்போம். நேரடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் என் கவலை. மனக் கோட்பாடு என்று படிப்பவர், மனத்தைப் பற்றி யாரோ ஓர் அறிஞர் சொன்ன கொள்கை என்றே எடுத்துக்கொள்வார். இங்கே பேசப்படுவதோ நாம் அனைவரும் ஓயாமல் செய்யும் ஒரு வேலை: எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார், எதை நம்புகிறார், எதற்காக இப்படி நடந்துகொள்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது. உளவியலாளர்கள் பிரேமாக்கும் வுட்ரஃபும் 1978 இல் சிம்பன்சிகளைப் பற்றிய கட்டுரையில் ‘தியரி’ என்ற சொல்லைப் போட்டதற்குக் காரணமும் சொன்னார்கள். பிறர் மனநிலை கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அதை வைத்து அவர் அடுத்து என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. நாம் தமிழில் கொண்டுவர வேண்டியது இந்தக் காரணத்தைத்தான்.

> குறளிலேயே குறிப்பறிதல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

அருமையான சொல், மறுக்கவில்லை. 71, 110 என இரண்டு அதிகாரங்களுக்கு அதே தலைப்பு. ஒன்று அரசவை, மற்றது காதல். இரண்டிலும் முகமும் கண்ணும்தான் பேசுகின்றன. ஆகவே முகத்தையும் குரலையும் வைத்து உணர்ச்சியைக் கண்டுகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதற்கே ஒதுக்கிவிடலாம். ஆனால் உளவியலாளர்கள் விம்மர், பெர்னர் 1983 இல் தங்கள் சோதனைக்காகச் சொன்ன கதையைப் பாருங்கள். சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? இதில் படிக்க முகமே இல்லை. அவன் மனத்தில் இருக்கும் தவறான நம்பிக்கையை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். மூளைப் படங்களிலும் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் நுதல் மடலின் உட்பக்கமும், காதுப் பக்கத்துப் பொட்டு மடலும் அதற்கு மேலுள்ள சுவர் மடலும் சந்திக்கும் இடமும் முன்னுக்கு வருகின்றன. முக உணர்ச்சி என்றால் அமிக்டலா பெரிதாகப் பேசப்படுகிறது.

இதைவிடப் பெரிய தடை ‘அறிதல்’ என்ற பகுதியில் இருக்கிறது. ‘அறிந்தேன்’ என்றால் சரியாக அறிந்தேன் என்றுதான் பொருள். தப்பாக அறிந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. மனச்சிதைவில் இந்தத் திறன் மந்தமாவது மட்டுமல்ல, சிலரிடம் எல்லை மீறியும் ஓடுகிறது. யாரோ தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புபவர், அடுத்தவர் மனத்தை எண்ணாமல் இல்லை. வேண்டியதற்கு மேல் எண்ணுகிறார். தற்செயலான இருமலிலும் ஒரு நோக்கம் தெரிகிறது அவருக்கு.

படமாக்க ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன. கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், சொல் தேர்வே இதில்தான் நிற்கிறது. மூளை இயங்கும்போதே படமெடுக்கும் செயற்பாட்டு எம்ஆர்ஐ நரம்பணுவை நேரடியாகப் பார்ப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைச் சில நொடித் தாமதத்தோடு பார்க்கிறது. அதிலும் பெரும்பாலும் கிடைப்பது ஒரு கழித்தல் கணக்கு: அஞ்சிய முகத்தைக் காட்டியபோது வந்த அளவிலிருந்து உணர்ச்சியற்ற முகத்துக்கு வந்த அளவைக் கழிக்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அமிக்டலாவில் இந்த மீதி குறைவாக வந்தது. அச்சத்துக்கு அவர்கள் மூளை சரியாக எதிர்வினை காட்டவில்லை என்று படிக்கத் தோன்றும். ஆனால் உணர்ச்சியற்ற முகத்துக்கே அவர்களிடம் எதிர்வினை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. கழிக்கப்படும் எண் பெரிதானால் மீதி சிறுக்கத்தானே செய்யும்! படக்கதைச் சோதனைகளிலும் இதே போக்கு உண்டு. மனிதர் நோக்கமே இல்லாத, வெறும் பொருள்கள் அசையும் காட்சிகளுக்கும் நுதல் மடலின் உட்பக்கம் முதலாக மேலே சொன்ன உளம் எண்ணும் பகுதிகள் சில நோயாளிகளிடம் கூடுதலாக இயங்கியிருக்கின்றன.

ஆக, கூடினாலும் குறைந்தாலும் தவறினாலும் தாங்கும் சொல் வேண்டும். என் பரிந்துரை: உளக்கணிப்பு. தேர்தல் கருத்துக்கணிப்பு முழுதாகப் பொய்த்துப் போனாலும் அதைக் கணிப்பு என்றே சொல்கிறோம். முன்கூட்டிச் சொல்வதும் அதில் அடங்கியிருக்கிறது. மிகை உளக்கணிப்பு, குறை உளக்கணிப்பு, பிழை உளக்கணிப்பு என்று நீட்டலாம். மனக்கணிப்பு என்று வைத்தால் மனக்கணக்கு நினைவுக்கு வந்து தொலைக்கும், அதனால்தான் உளம். ‘பிறர்மன ஊகம்’ என்று சொன்னவரின் கருத்தும் ஏறக்குறைய இதேதான். ஊகம், யூகம் என்ற எழுத்துச் சண்டையில் இறங்க வேண்டாம் என்று விட்டேன். உய்த்துணர்தல் என்ற சொல்லோ தருக்கநூல்காரர்கள் கையிலேயே இருக்கட்டும்.

———

மறுமொழி: உளக்கணிப்பு

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள். கணிப்பு என்றதும் ஜாதகம் நினைவுக்கு வருகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றது கொஞ்சம் கனமானது: கணிப்பது என்றால் உட்கார்ந்து யோசித்துச் செய்வது. அன்றாடப் பேச்சில் பாதிக்கு மேல் நமக்கே தெரியாமல் நடந்துவிடுகிறதே?

———

மறுமொழி: உளக்கணிப்பு

சரியான இடத்தில் கை வைத்தீர்கள், அம்மா. ஆய்வாளர்களும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். அடைமொழி சேர்ப்போம்: யோசித்துச் செய்வது வெளிப்படை உளக்கணிப்பு, தானாக நடப்பது தன்னியல்பு உளக்கணிப்பு. இந்தப் பிரிவு நமக்கு அவசியமும்கூட. சோதனைத் தாளில் தடுமாறுபவர் நேர்ப்பேச்சிலும் தடுமாறுவார் என்று சொல்ல முடியாது. நோயாளிகள் மருத்துவப் பணியாளர்களோடு பேசியதை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாங்கள் நம்புவதை எதிரில் இருப்பவர் நம்பவில்லை என்று நோயாளிகள் தெளிவாகப் புரிந்துகொண்டே வாதாடியிருக்கிறார்கள். அதனால் நம் சொற்பட்டியலில் ‘உளக்கணிப்புக் குறைபாடு’ என்று பொதுவாகப் போடாமல், எந்த வகை, எந்தச் சோதனையில் என்று சேர்த்தே எழுதுவோம்.

ஜாதகத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நோயின் பெயரையே மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜப்பானில் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருளில் இருந்த பெயரை 2002 இல் மாற்றினார்கள். அதன் பிறகு மருத்துவர்கள் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதே பெரிதும் கூடியது. மனச்சிதைவு என்ற நம் சொல்லிலும் அதே சிக்கல் இருக்கிறது. ஆனால் அதை நோயோடு வாழ்பவர்களைக் கேட்காமல் நாம் மட்டும் பேசித் தீர்க்கக் கூடாது, தனி இழை தொடங்குங்கள்.