பாட்டிக்குப் பொடி எழுத்து: இருமொழிப் படப் புத்தகங்களோடு பட்ட பாடு

ஹூஸ்டன்காரி:

அமெரிக்காவில் லத்தீனோக் குழந்தைகளுக்காக (லத்தீன் அமெரிக்கப் பூர்வீகமுள்ள வீட்டுப் பிள்ளைகள்) வரும் ஆங்கிலம்–ஸ்பானிஷ் படப் புத்தகங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஒரே பக்கத்தில் இரண்டு மொழி போடுவது என்ன பெரிய வேலையா?" என்று ஒருவர் கேட்டார். பதினோரு வருடமாக எனக்குச் சோறு போடுவது அந்த வேலைதான். அதனால் நானே ஆரம்பிக்கிறேன். உங்களுக்கும் இந்தப் புத்தகங்களோடு ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

டெக்ஸஸில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடி லேஅவுட், அதாவது பக்க வடிவமைப்பு, செய்கிறேன். படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம். அச்சில் தாளை மடிக்கிற கணக்கு அப்படி. வாக்கியம் நீண்டுவிட்டது, ஒரு பக்கம் கூட்டிக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. முதல் புத்தகத்தில் ஆங்கிலக் கதை முதலில் வந்தது. ஓவியரும் அதைப் பார்த்துத்தான் படத்தில் காலி இடம் விட்டிருந்தார். பிறகு ஸ்பானிஷ் வந்தது. ஸ்பானிஷ் எப்போதுமே ஆங்கிலத்தைவிட நீளும். நூறு வார்த்தைக்கு இருபது வார்த்தை கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தை விட்டு வழிந்தது.

நான் என்ன செய்தேன்? எல்லாப் புதுசுகளும் செய்வதைத்தான். ஆங்கிலம் மேலே, எழுத்தளவு 18 பாயின்ட். ஸ்பானிஷ் கீழே 13 பாயின்ட், சாய்வெழுத்து, லேசான சாம்பல் நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன்.

எடிட்டரம்மாவுக்குப் பூர்வீகம் மெக்ஸிகோவின் மான்டெர்ரே. ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பேரக் குழந்தை இருப்பதுபோல அந்தத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். அப்புறம் சொன்னார்: "இங்கிலீஷைப் படிக்கப் போவது ஏழு வயதுப் பிள்ளை. அதற்குக் கண் நன்றாகத் தெரியும். ஸ்பானிஷைப் படிக்கப் போவது பாட்டி. நீ பாட்டிக்குப் போய் பொடி எழுத்து வைத்திருக்கிறாயே."

அன்றைக்கு ராத்திரி எல்லாப் பக்கத்தையும் கலைத்தேன். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் நிமிர்ந்த எழுத்து. இடம் பற்றவில்லை. ஆங்கிலத்தில் நாலு வாக்கியத்தை வெட்டச் சொல்லி ஆசிரியரிடம் கேட்க வேண்டியதாயிற்று. இங்கே ஸ்பானிஷுக்காக ஆங்கிலத்தை வெட்டுவது சாதாரண விஷயமில்லை. ஒரு வாரம் மெயில் பறந்தது.

இன்னொன்று. தலைப்புக்குக் குழந்தைக் கையெழுத்து மாதிரி ஒரு ஃபான்ட் வாங்கினோம். அதில் தலைகீழ்க் கேள்விக்குறி இல்லை. ஸ்பானிஷில் கேள்வி வாக்கியம் தலைகீழ்க் குறியோடுதான் தொடங்கும். சரி, இருக்கிற கேள்விக்குறியையே கவிழ்த்துப் போட்டுச் சமாளித்தேன். ஆனால் எழுத்தின் தலையில் நிற்கும் அலைக்கோடும் அந்த ஃபான்ட்டில் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. "எனக்கு ஏழு ஆஞோஸ்" என்றால் ஏழு வயது. அந்த அலைக்கோடு விழுந்துவிட்டால் "ஏழு ஆனோஸ்". அதற்கு அர்த்தம் ஏழு ஆசனவாய். கடைசி புரூஃபில் பிடித்தோம். பள்ளி பல்லியானால் சிரித்துவிட்டுப் போகலாம். இது பள்ளிக்கூடத்துக்குப் போகிற புத்தகம்.

நூலகத் தன்னார்வலர், கலிஃபோர்னியா:

உங்கள் எடிட்டரம்மா சொன்ன பாட்டியை நான் சனிக்கிழமை தோறும் பார்க்கிறேன். எங்கள் கிளை நூலகத்தில் இருமொழிக் கதை நேரம் உண்டு. எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை, ஆங்கிலப் பகுதி மட்டும் என்னுடையது.

ஒரு நாள் பட்டம் விடுகிற கதை. புத்தகத்தில் 'பாப்பலோட்டே' என்று இருந்தது. அது மெக்ஸிகோக்காரர்கள் சொல்வது. வாசித்த உடனே எல் சால்வடார் தாத்தா ஒருவர் கையைத் தூக்கி, "அது பிஸ்குச்சா" என்றார். குவாத்தமாலா அம்மா ஒருவர் "பர்ரிலேட்டே" என்றார். ஒரு போர்ட்டோ ரிக்கோ பெண், "எங்கள் ஊரில் சிரிங்கா" என்று சிரித்தாள். ஸ்பெயினில் கேட்டால் 'கொமெட்டா' என்பார்களாம். கதை அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி, ஆளாளுக்கு ஒரு வார்த்தையைக் கத்தினார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? திருநெல்வேலிக்காரன் பட்டம் என்பான், சென்னைக்காரன் காத்தாடி என்பான். ஆனால் அச்சில் ஒன்றைத்தானே போட முடியும்? பதிப்பகத்தில் வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தியிடம் கேட்டேன். கதை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் வார்த்தையைப் போடுவதுதான் நியாயம், ஆனால் விற்பனைப் பிரிவில் "எல்லோருக்கும் புரிகிற பொது ஸ்பானிஷ்" கேட்பார்கள் என்றாள். பொது ஸ்பானிஷில் எழுதினால் யார் வீட்டுப் பேச்சாகவும் அது இருக்காது, டப்பிங் சீரியல் மாதிரி ஒலிக்கும் என்பது அவள் கட்சி. 'குவாகுவா' என்று ஒரு வார்த்தை. கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பஸ். சிலியில் கைக்குழந்தை. "குவாகுவாவில் ஏறினான்" என்று அச்சிட்டு சிலிக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 30 பக்கம் இங்கே வந்தால் எங்கள் நூலகத்துக்கு வாருங்கள். மெக்ஸிகோவில் அது குழந்தைகள் தினம். எழுத்தாளர் பாட் மோரா 1996இல் அதோடு புத்தகத்தையும் சேர்த்து, குழந்தைகள் நாள், புத்தக நாள் என்று அமெரிக்க நூலகங்களில் தொடங்கிவைத்தார். அன்றைக்குக் கூட்டம் தாங்காது.

சான் ஹோசே அம்மா:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். என் மகன் இரட்டை மொழிப் பள்ளியில் படிக்கிறான். பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம், வீட்டில் தமிழ். இருமொழிப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் கண் ஆங்கிலத்தை விட்டு இறங்கவே இறங்காது. ஸ்பானிஷ் ஏதோ கீழே கிடக்கிற பார்டர் மாதிரி. அவன் டீச்சர் மஞ்சள் ஒட்டுத்தாளால் ஆங்கிலத்தை மூடிவிட்டுத்தான் கொடுப்பார். இரண்டாம் வகுப்பில் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுத்தாள், புத்தகமே கட்டுப்போட்ட நோயாளி மாதிரி இருக்கும். அந்த டீச்சருக்கு ஆங்கிலம் தனிப் புத்தகம், ஸ்பானிஷ் தனிப் புத்தகம் என்று வந்தால்தான் நிம்மதி.

ஆனால் இதே டீச்சர்தான் சொன்னார்: 1998இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பள்ளிகளில் இருமொழிக் கல்வியைக் கிட்டத்தட்ட ஒழித்துக்கட்டினார்கள். அது 227ஆம் தீர்மானம். 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில்தான் அந்தத் தடை விலகியது. நடுவில் பதினெட்டு வருடம். பாடம் ஆங்கிலத்தில்தான் என்று ஆன பிறகு தனி ஸ்பானிஷ் புத்தகத்துக்கு எந்தப் பள்ளி பட்ஜெட் ஒதுக்கும்? அப்போது அவர் வகுப்பலமாரியில் ஸ்பானிஷ் உள்ளே வந்தது ஆங்கிலத்தின் முதுகில் ஏறித்தானாம். அதைக் கேட்ட பிறகு அந்த இருமொழிப் புத்தகங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. ஒட்டுத்தாள் மட்டும் இன்னும் ஒட்டுகிறேன்.

பழைய புத்தகக்காரன்:

நான் பதிப்பிப்பவன் அல்லன், சேர்ப்பவன். வேலை நிமித்தமாக எல் பாஸோவில் மூன்று வருடம் இருந்தேன். பாலத்தைக் கடந்தால் மெக்ஸிகோ. அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் கண்ணைப் பறிக்கிற நிறங்களோடு ஒரு படப் புத்தகம் கிடைத்தது. 'நிறங்களின் கதை'. உலகம் கறுப்பும் வெள்ளையுமாக இருந்த காலத்தில் தேவர்கள் ஒவ்வொரு நிறமாகத் தேடிக் கண்டுபிடிக்கும் கதை. எழுதியவர் யார் தெரியுமா? முகமூடி போட்டுக்கொண்டு மெக்ஸிகோ அரசை எதிர்த்த ஸபாட்டிஸ்டாக்களின் தலைவர் மார்க்கோஸ்.

கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்னால் வரலாற்றைச் சொன்னார். வெளியிட்டது எல் பாஸோவில் 1985இல் தொடங்கிய சிங்கோ புன்டோஸ் என்ற சின்னப் பதிப்பகம். அமெரிக்க அரசின் கலை நிதி அமைப்பு இந்தப் புத்தகத்துக்கு 7,500 டாலர் ஒதுக்கியிருந்தது. 1999 மார்ச்சில், ஒரு நிருபர் அதைப் பற்றி விசாரித்ததும் அமைப்பின் தலைவர் பணத்தை ரத்து செய்துவிட்டார். அது பத்திரிகையில் பெரிய செய்தியாகிவிட்டது. லன்னன் என்ற தனியார் அறக்கட்டளை அந்தத் தொகையை இரட்டிப்பாகக் கொடுத்தது. யாரும் கேள்விப்படாமல் போயிருக்க வேண்டிய புத்தகத்துக்கு அரசாங்கமே தமுக்கடித்த மாதிரி ஆயிற்று. நான் இரண்டு பிரதி வாங்கினேன்.

அதிலிருந்து இந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. தோண்டத் தோண்ட வருகிறது. கியூபாவின் ஹோசே மார்த்தி 1889இல் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு குழந்தைகளுக்காக ஸ்பானிஷில் 'பொற்காலம்' என்று ஒரு பத்திரிகை நடத்தியிருக்கிறார். நாலே இதழ்கள். சிற்றிதழ் நடத்திய நம்மவர்களுக்கு இந்த எண்ணிக்கை பழக்கமானதுதான். அப்புறம் பூரா பெல்ப்ரே. 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோ பெண். தன் பாட்டி சொன்ன கதைகளில் ஒன்றுகூட அந்த அலமாரிகளில் இல்லை என்று பார்த்தவர், தானே சொல்ல ஆரம்பித்தார், பொம்மைகளை வைத்து நடித்தும் காட்டினார். கரப்பான்பூச்சிப் பெண்ணும் எலி மாப்பிள்ளையும் வருகிற அவருடைய கதை 1932இல் புத்தகமாக வந்தது. இன்றைக்கு லத்தீனோக் குழந்தை இலக்கியத்துக்குக் கொடுக்கிற பெரிய விருது அவர் பெயரில்தான், 1996 முதல்.

ஹூஸ்டன்காரி அக்காவுக்கு ஒரு செய்தி. 1979இல் நிக்கோலாஸ் கனெல்லோஸ் தொடங்கிய ஆர்ட்டே பூப்ளிக்கோ பதிப்பகம் உங்கள் ஊரில் இருக்கிறதே, அவர்கள் 1994இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பின்யாத்தா வரிசையின் பழைய பிரதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.

ஹூஸ்டன்காரி:

தம்பி, என் அலமாரியில் ஆறு இருக்கிறது, தர மாட்டேன். இங்கே வந்து படித்துவிட்டுப் போங்கள், தோசை உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் வாசகர்:

விற்கிற பக்கத்தை யாரும் சொல்லவில்லையே. என் பக்கத்து வீட்டுக்காரி ஒரு சிறு பதிப்பாளர். பிறந்த நாளுக்கு ஆறு கடை ஏறி இறங்கி அவள் புத்தகத்தைத் தேடினேன். ஒரு பெரிய கடையில் அது 'அயல் மொழிகள்' பிரிவில் இருந்தது, ஜெர்மன் அகராதிக்குப் பக்கத்தில். பாதிப் புத்தகம் ஆங்கிலம். எழுதியவள் பிறந்தது இதே ஊரில். கவுன்டரில் இருந்த பையனிடம் கேட்டேன், "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது சார்" என்கிற தொனியில் தோளைக் குலுக்கினான். நான் நாலு பிரதியையும் எடுத்துக் குழந்தைகள் பிரிவில் முன் மேசையில் அடுக்கிவிட்டு வந்தேன். இதைச் செய்த முதல் ஆள் நானல்ல என்று அவளே பிறகு சொன்னாள். அவள் அம்மா வாரத்துக்கு ஒருமுறை போய் இதே வேலையைச் செய்கிறாராம்.

பெரிய பதிப்பகங்களுக்கு அனுப்பினால் "இதற்குச் சந்தை இல்லை" என்று பதில் வரும், அலமாரியில் கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்தால் சந்தை எப்படி வரும்? 2020 கணக்கெடுப்பில் லத்தீனோக்கள் 6.2 கோடிப் பேர், நாட்டில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இதே ஊரில் 2014இல் லில் லிப்ரோஸ் என்ற பெயரில் இரண்டு தாய்மார்கள், குழந்தை கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் புத்தகங்களைத் தாங்களே போட ஆரம்பித்தார்கள். மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவை வைத்து எண்கள், புரட்சி வீரர் ஸபாட்டாவை வைத்து நிறங்கள். இப்போது சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் டயப்பர் வாங்குகிற கையோடு அதையும் எடுத்துக்கொண்டு வரலாம்.

சென்னையிலிருந்து ஒருவர்:

நானும் லேஅவுட்தான். இங்கே தூலிகா மாதிரி பதிப்பகங்கள் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் போடுவதால் ஹூஸ்டன்காரி சொன்ன கட்டம் வழிகிற கதை எனக்கு நன்றாகத் தெரியும். நம் எழுத்துக்கு மேலே கொம்பு, கீழே வால், வரிக்கு வரி இடைவெளியும் கூட வேண்டும். ஒரு சந்தேகம்: இரண்டும் ஒரே அளவு என்று முடிவு செய்தீர்கள். மேலே எது, கீழே எது என்பதை எப்படித் தீர்த்தீர்கள்?

ஹூஸ்டன்காரி:

தீர்க்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் சண்டைதான். கதை எந்த மொழியில் எழுதப்பட்டதோ அது மேலே என்று ஒரு கட்சி. பக்கத்துக்குப் பக்கம் மாற்றிப் போடலாம் என்று ஒரு கட்சி, அது பார்க்க நியாயமாக இருக்கும், வாசிக்கிற பாட்டி ஒவ்வொரு பக்கத்திலும் தன் மொழியைத் தேட வேண்டும். போன வருடப் புத்தகத்தில் ஸ்பானிஷை இடப் பக்கமும் ஆங்கிலத்தை வலப் பக்கமும் வைத்தோம். கட்டங்களை இந்தத் தடவை ஸ்பானிஷை அளந்து போட்டேன். விளைவு, வலப் பக்கத்தில் ஆங்கிலத்துக்குக் கீழே எல்லாம் காலி இடம். ஓவியருக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு கோழியாக வரைந்து அனுப்பிவிட்டார். கதையில் கோழியே கிடையாது. எடிட்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பதினோராம் பக்கத்துக் கோழிக்கு மட்டும் கால் சரியாக வரவில்லை, திருத்தச் சொல் என்றார்.