ஆத்தென்டிகேட்டர் காட்டும் எண்ணைக் கணக்கு ஏற்க மறுக்கிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். ஜிமெயிலுக்கும் அலுவலகக் கணக்குக்கும் கடவுச்சொல்லோடு ஓர் எண்ணும் கேட்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டு, அந்த எண்ணைக் காட்டும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் சேர்த்திருக்கிறேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. நேற்றுக் காலையிலிருந்து எந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தாலும் தவறு என்றே வருகிறது. எண் மாறும் நேரத்தைக் காட்டும் வட்டம் புதிதாகச் சுற்ற ஆரம்பித்த உடனேயே அடித்தும் பார்த்துவிட்டேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடலாமா? நாளை சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டும், பயமாக இருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து ஆப்பை அழிக்காதீர்கள் சகோதரி. கூகுள் கணக்கோடு இணைத்து வைக்காவிட்டால் ரகசியச் சாவியும் அதோடு போய்விடும். முதலில் போனில் மணி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை யாரும் அனுப்புவதில்லை. கியூஆரை ஸ்கேன் செய்தபோது இறங்கிய சாவியையும் அந்த நேரத்து மணியையும் வைத்து, 30 விநாடிக்கு ஒருமுறை போனே கணக்குப் போடுகிறது. அதனால்தான் சிம், நெட் எதுவும் இல்லாமலும் எண் வருகிறது. அந்தப் பக்கம் சர்வரும் அதே கணக்கைப் போடும். சில விநாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், சில நிமிடங்களை அல்ல.

கேட்டவர்:
அண்ணா, அதேதான்! 8.10 பஸ்ஸை விடக் கூடாது என்று முந்தாநாள் இரவு போனில் ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருந்தேன். செட்டிங்ஸில் தேதி, நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றினேன், முதல் எண்ணிலேயே திறந்துவிட்டது. மிக்க நன்றி. அடுத்த மாதம் புது போன் வாங்குகிறேன், அப்போது என்ன செய்வது?

பதில் 2:
பழைய போன் கையில் இருக்கும்போதே ஆப்பின் மெனுவில் கணக்குகளை மாற்றும் வசதிக்குப் போய் ஏற்றுமதி கொடுங்கள். வரும் கியூஆரைப் புது போனில் ஸ்கேன் செய்தால் போதும். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அதற்குள்தான் சாவி இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு கணக்கிலும் ஒருமுறை வெளியே வந்து, புது போன் காட்டும் எண்ணால் உள்ளே போய்ப் பாருங்கள். எல்லாம் திறந்த பிறகே பழையதை விற்கலாம்.

இன்னொன்று, இதை இன்றே செய்யுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், போன் இல்லாதபோது உள்ளே போகக் காப்புக் குறியீடுகள் பத்து கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். என் அக்காவின் போன் கிணற்றுக்குள் விழுந்தபோது, ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த அந்தத் தாள்தான் கைகொடுத்தது. அலுவலகக் கணக்குக்கும் இப்படி உண்டா என்று உங்கள் ஐடி ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
பத்தையும் தாளில் எழுதிவிட்டேன் அண்ணா. அலுவலகத்தில் நாளைக் காலை போனதும் கேட்கிறேன்.