வெளிநாட்டில் பரிமாற்ற மாணவன்: நட்புக்கும் இரவு உலாவுக்கும் வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பருவத்துக்கான பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வகுப்பில் அருகில் அமர்பவர்கள் முகம் கொடுத்துப் பேசினாலும், பாடம் முடிந்ததும் தங்கள் பழைய குழுவோடு கலைந்துவிடுவதால், விடுதியின் பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது நடக்கும் அரட்டைதான் இதுவரை எனக்கு வாய்த்த நட்பு.

பரிமாற்ற மாணவர்களுக்கு உதவ ஐரோப்பாவில் 1989-இல் தோன்றிய எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பைப் (Erasmus Student Network) போன்றவை நடத்தும் சந்திப்புகளில் உள்ளூர் மாணவர்களோடும் பழக முடிகிறதா, அல்லது வந்தவர்கள் வந்தவர்களுடனேயே நின்றுவிடுகிறார்களா? இரவு இசை நிகழ்ச்சிகளுக்கும் நடன அரங்குகளுக்கும் செல்ல ஆசை உண்டு. ஆனால் நான் மது அருந்துவதில்லை (அருந்துபவர்களைக் குறை சொல்பவனும் அல்லன்). தனியாகச் செல்வது உசிதமா, கடைசி ரயிலைத் தவறவிட்டால் எப்படித் திரும்பினீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.