உதவி: புது சர்வர் போட்ட பிறகு மெயில் திரும்பி வருகிறது (அவசரம்)

தேன்பெட்டி_மார்த்தாண்டம்
வணக்கம். போன வாரம் இடியில் ஆபீஸ் சர்வர் போய்விட்டது. புதுசு போட்டு மூன்று நாள் ஆகிறது. மெயில் உள்ளே வருகிறது, வெளியேதான் போக மாட்டேன் என்கிறது. ஜிமெயிலுக்கு அனுப்பினால் உடனே திரும்பி வருகிறது, மற்றவர்களுக்கு ஸ்பாமில் விழுகிறதாம். டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கான பதிவுகள்) எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தேன் எடுக்கும் கடைகளுக்கு பில் போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

தக்கலை_நெட்
திரும்பி வந்த மெயிலில் என்ன எழுதியிருக்கிறது? சர்வர் ஆபீஸிலேயே இருக்கிறதா, வாடகைக்கு எடுத்ததா? மெயில் அனுப்பும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸா, வேறா? டொமைன் பெயரும் இல்லை. எதை வைத்துப் பார்ப்பது அண்ணே?

பார்வதிபுரம்_லினக்ஸ்
ரிவர்ஸ் டிஎன்எஸ்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐபியைக் (சர்வரின் எண் முகவரி) கேட்டால் சர்வர் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். டொமைன் பேனலில் தேடாதீர்கள், ஐபி கொடுத்தவர்களிடம்தான் மாற்ற முடியும்.

குளச்சல்_அலை
அது இல்லை மக்கா. அந்த ஐபியை முன்னால் வைத்திருந்தவன் ஸ்பாம் அனுப்பிக் கெடுத்திருப்பான். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹவுஸில் பாருங்கள். முதல் நாள் இருபது மெயில், அப்புறம் ஐம்பது என்று ஐபியைப் பழக்க வேண்டும்.

ரூட்_ஆசான்
2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் எஸ்பிஎஃப் (எந்த ஐபி அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) அல்லது டிகேஐஎம் (மெயிலில் சாவியால் போடும் கையெழுத்து) கட்டாயம். நாளுக்கு 5000க்கு மேல் அனுப்பினால் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் வரி) வேண்டும். இதைக்கூடப் படிக்காமல் சர்வர் நடத்த வந்துவிடுகிறார்கள். தேன் விற்கிறவர் தேன் விற்கட்டும், மெயிலை மாதக் காசுக்கு யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

குளச்சல்_அலை
ஆசானே, நீங்கள் பிறக்கும்போதே டிகேஐஎம் சாவியோடு பிறந்தீர்களா?

தோவாளை_வயர்மேன்
மெயில் எனக்குத் தெரியாது. ஆனால் இடியில் சர்வர் போனது என்றால் எர்த் சரியில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் குழியைத் தோண்டி உப்பும் கரியும் மாற்றினீர்களா?

பார்வதிபுரம்_லினக்ஸ்
இந்தக் காலத்தில் யார் உப்பு போடுகிறார்கள்? உப்பு கம்பியை அரித்துவிடும். கெமிக்கல் எர்த்திங் போடுங்கள்.

தோவாளை_வயர்மேன்
இருபது வருடமாக உப்பும் கரியும்தான் போடுகிறேன். வருடா வருடம் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் ஊற்றாமல் குழியைக் குறை சொல்லக் கூடாது.

தேன்பெட்டி_மார்த்தாண்டம்
வாடகை சர்வர், போஸ்ட்ஃபிக்ஸ். பிழை எண் 550 5.7.26. டொமைன் பெயரைத் தக்கலை அண்ணனுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தக்கலை_நெட்
பார்த்தேன். முதலில் பார்வதிபுரத்துக்கு: ரிவர்ஸ் இல்லையென்றால் 5.7.25 வரும். 26 என்றால் அனுப்புகிறவர் யார் என்று நிரூபிக்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் டொமைனில் எஸ்பிஎஃப் வரி இரண்டு இருக்கிறது. ஒன்றில் பழைய ஆபீஸ் ஐபி, இன்னொன்றில் புது ஐபி. பழையதை அழிக்காமல் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி, அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். இரண்டு இருந்தால் எதையும் படிக்காமல் பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) என்று தள்ளிவிடும். பழையதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது டிகேஐஎம். டிஎன்எஸ்ஸில் இருப்பது பழைய சர்வரின் பொதுச்சாவி. அதற்கு ஜோடியான ரகசியச்சாவி எரிந்த டிஸ்கோடு போயிருக்கும். பேக்கப் இருக்கிறதா? இல்லையென்றால் புது ஜோடி உருவாக்கி, புது செலக்டர் (டிஎன்எஸ்ஸில் சாவியைத் தேடும் பெயர்) பெயரில் போடுங்கள். 2048 பிட் சாவியை ஒரே துண்டாக ஒட்டாதீர்கள். சாவியைப் போடும் டிஎக்ஸ்டி பதிவில் (டிஎன்எஸ்ஸில் எழுத்து வைக்கும் இடம்) ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும், சில பேனல்கள் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். மேற்கோள் குறி போட்டு இரண்டாகப் பிரியுங்கள், சேமித்த பிறகு கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். போன வருடம் ஒரு கடைக்கு இதே வேலை செய்தபோது கடைசி நான்கு எழுத்து காணவில்லை, அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போனது.

டிமார்க்கை ரிஜெக்டிலிருந்து (தவறினால் மெயிலை ஏற்காதே என்பது) இறக்க வேண்டாம். மேலே இரண்டும் சரியானால் அது தானாகச் சரியாகும்.

ரூட்_ஆசான்
இதைத்தான் நானும் சொன்னேன்.

குளச்சல்_அலை
எங்கே சொன்னீர்கள்?

தேன்பெட்டி_மார்த்தாண்டம்
பேக்கப் இல்லை, புது சாவிதான் போட்டேன். பழைய வரியையும் எடுத்துவிட்டேன். ஜிமெயிலில் ஷோ ஒரிஜினல் (மெயிலின் முழு விவரம்) திறந்தால் மூன்றும் பாஸ். ரொம்ப நன்றி.

தக்கலை_நெட்
சந்தோஷம். 550 வந்து திரும்பிய பில்கள் தானாக மறுபடி போகாது. 4இல் தொடங்கும் பிழை என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரைக்கும் முயன்று பார்க்கும், 5இல் தொடங்கினால் அங்கேயே முடிந்தது. அந்த மூன்று நாள் பில்களை நீங்கள்தான் திரும்ப அனுப்ப வேண்டும். அந்த ரகசியச்சாவியையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

தோவாளை_வயர்மேன்
அந்த எர்த் குழிக்குப் பதில் வரவில்லையே?