சோம், 1916: நட்சத்திரம் கையிலா, தோளிலா?

தூரிகைமதி:
முதல் உலகப்போர், 1916 ஜூலை, பிரான்சின் சோம் போர்முனை. பிரிட்டிஷ் காலாட்படையின் ஒரு பிளாட்டூனை (சிறு படைப்பிரிவு) 28 மி.மீ. பொம்மைகளாகத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். சிப்பாய்கள் எல்லாம் முடிந்தாயிற்று. செகண்ட் லெப்டினன்ட், அதாவது கடைநிலை அதிகாரி, ஒருவர்தான் பாக்கி. அவருடைய பதவியைக் காட்டும் நட்சத்திரத்தைச் சட்டைக் கை முனையில் போடுவதா, தோளில் போடுவதா? பொம்மையில் இரண்டு இடமும் வழுவழுவென்று இருக்கிறது.

ஈயச்சிப்பாய்:
கையில்தான். அன்றைய விதி அது. கை முனையில் மூன்று முனை மடிப்பு, அதன்மேல் நட்சத்திரம், சுற்றி பின்னல் நாடா வளையம். லெப்டினன்ட் வரை ஒரு வளையம், கேப்டனுக்கு இரண்டு, மேஜருக்கும் லெப்டினன்ட் கர்னலுக்கும் மூன்று, கர்னலுக்கு நான்கு. காலாட்படையில் கார்ட்ஸ் எனும் அரச காவல் படைகள் மட்டும் தோளில் அணிந்தன. உங்கள் ஆள் கார்ட்ஸ் இல்லையென்றால் கேள்விக்கே இடமில்லை. தோளில் போட்டால் 1940இல் பிரான்சில் நிற்கிற ஆள் மாதிரி தெரிவார்.

பதுங்குகுழி:
விதி சரி, போர்முனை வேறு. அந்த வளையமும் நட்சத்திரமும் மறைந்திருந்து சுடும் ஜெர்மன் ஸ்னைப்பருக்கு "இவன்தான் அதிகாரி" என்று காட்டிக்கொடுத்தன. அதனால்தான் பலர் தோளுக்கு மாற்றினார்கள். அந்தச் சட்டைக்கு 'விண்ட்-அப்' என்று பெயர்கூட வைத்தார்கள், பயந்தவன் சட்டை என்ற அர்த்தத்தில். தாக்குதலுக்குப் போகும்போது சிப்பாயின் சட்டையையே மாட்டிக்கொண்டு, ரைபிள் தூக்கிப் போன அதிகாரிகளும் உண்டு.

ஈயச்சிப்பாய்:
தோளில் அணிய அதிகாரபூர்வ அனுமதி 1917இல்தான் வந்தது. கை முனை அடையாளத்தை ஒழித்தது 1920இல். அதற்கு முன் பதுங்குகுழிக்கு வெளியே தோள் நட்சத்திரத்தோடு நடந்தால் முகம் சுளித்தார்கள். நண்பர் கேட்பது 1916. விதிவிலக்கை வழக்கமாக்கக் கூடாது.

பதுங்குகுழி:
ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் காயம்பட்டோ இறந்தோ காணாமலோ போனார்கள். இறந்தவர்கள் மட்டும் 19,240. அந்தக் காலையில் பதுங்குகுழியிலிருந்து ஏணியேறிய இளம் அதிகாரி எதை மறைக்க நினைத்தான் என்பதையும் பொம்மை காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். 1944 நார்மண்டியில் அமெரிக்கர்கள் அதிகாரியின் ஹெல்மெட்டுக்குப் பின்பக்கம் வெள்ளைச் செங்குத்துக் கோடு போட்டார்கள். பின்னால் வருபவனுக்கு அது தெரிந்தால் போதும், எதிரிக்குத் தெரிய வேண்டாம். அந்தப் பாடத்தை முந்தைய போரில் ரத்தம் கொடுத்துக் கற்றார்கள்.

அரைமில்லி:
இருவரும் அளவை மறந்துவிட்டீர்கள். ஓர் அங்குல நட்சத்திரம் இந்தப் பொம்மையின் 1/56 அளவில் அரை மில்லிமீட்டர்கூட வராது. நட்சத்திர வடிவத்துக்கு முயற்சி செய்யாதீர்கள், ஒரு புள்ளி போதும். ஆனால் வளையம் கண்ணுக்குத் தெரியும், அதை விடாதீர்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: கை முனையில் இருப்பது கம்பளி நூல் வேலை. தங்க நிறம் வேண்டவே வேண்டாம். நான் முதல் கேப்டனுக்குத் தங்கம் பூசி, கப்பற்படை ஆள் மாதிரி ஆகி, முழுக்கைச் சட்டையையும் மறுபடி தீட்டினேன். சட்டை நிறத்தில் கொஞ்சம் வெளிர் பழுப்பு கலந்து மெல்லிய கோடு இழுங்கள், அவ்வளவுதான். உலோக நிறம் தோள் நட்சத்திரத்துக்கு, அதுவும் மங்கிய வெண்கலம்.

ஈயச்சிப்பாய்:
இதில் முழுச் சம்மதம். ஸ்காட்டிஷ் படை என்றால் மட்டும் கை முனை வடிவமே வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதுங்குகுழி:
தூரிகைமதி, பொம்மையின் கழுத்தைப் பாருங்கள். திறந்த காலரும் டையும் இருக்கிறதா? முழங்காலில் ஒடுங்கிய சவாரிக் கால்சட்டையா?

தூரிகைமதி:
டை இருக்கிறது. தோளிலிருந்து குறுக்கே போகும் தோல் வாரும் இருக்கிறது. கையில் ரிவால்வர், வாயில் விசில்.

பதுங்குகுழி:
அப்படியானால் சிற்பியே முடிவு செய்துவிட்டார். அது அதிகாரியின் சொந்தச் சட்டை, கையில் போடுங்கள். ஆனால் ஏணி பக்கத்தில் நிறுத்துவதாக இருந்தால், அவருக்குப் பக்கத்தில் ரைபிளோடு சிப்பாய்ச் சட்டையில் இன்னொரு அதிகாரியையும் வையுங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தூரிகைமதி:
மிச்சமிருக்கிற சிப்பாய் பொம்மை ஒன்று இருக்கிறது. அவருக்குத் தோளில் ஒரு வெண்கலப் புள்ளி வைத்துவிட்டுப் படம் போடுகிறேன்.

ஈயச்சிப்பாய்:
சிப்பாய்ச் சட்டை என்றால் கழுத்து வரை மூடிய காலர், டை கிடையாது. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.